கடைசி ரயிலும் சமையலறைக் குழாயும்: புறநகர்ப் பிள்ளைகளின் பங்க், நியூ வேவ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்க் இசையின் கதையை யார் சொன்னாலும் லண்டன், நியூயார்க் என்றுதான் ஆரம்பிப்பார்கள். மேடை அங்கே இருந்தது உண்மைதான். ஆனால் மேடைக்குக் கீழே நின்று குதித்தவர்களும் அடுத்த வருடம் மேடை ஏறியவர்களும் பெரும்பாலும் ப்ராம்லி, க்ராய்டன், வோக்கிங், க்ராலி, பேசில்டன், ஹெர்மோசா பீச், ஃபுல்லர்டன் மாதிரி புறநகர் ஊர்க்காரர்கள். அப்பா காலையில் ரயிலிலோ காரிலோ வேலைக்குப் போவார், சாயங்காலம் திரும்புவார், நடுவில் ஒன்றும் நடக்காது. அந்த மாதிரி ஊர்கள். இந்த இசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். எனக்குப் பிடித்த இடங்களில் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்க் என்றால் என்ன? வெறும் சத்தம்தானே?

சத்தம்தான், ஆனால் அளந்து போட்ட சத்தம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்ற அமைதியான குடியிருப்பிலிருந்து வந்த ரமோன்ஸ், 1976-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 14 பாட்டு இருக்கிறது. எல்லாம் சேர்த்து 29 நிமிடம். பதிவுச் செலவு 6,400 டாலர். அதே காலத்தில் பெரிய ராக் குழுக்கள் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டை வாசித்துக்கொண்டிருந்தன. அப்படி வாசிக்கப் பல வருடப் பயிற்சியும் ஒரு லாரி நிறையக் கருவிகளும் வேண்டும். பங்க்குக்கு ஒரு மட்டமான கிடாரும் மூன்று கார்ட்ஸும் (பல தந்திகளை ஒருசேர மீட்டும் விரல் அமைப்பு) போதும்.

1977 ஜனவரியில் இங்கிலாந்தில் 'சைட்பர்ன்ஸ்' என்ற சின்ன ரசிகர் இதழில் ஒரு படம் வந்தது. மூன்று கார்ட்ஸுக்கு விரல் எங்கே வைப்பது என்று பேனாவால் கிறுக்கி, இது ஒன்று, இது இன்னொன்று, இது மூன்றாவது, இனி நீ போய் ஒரு குழு ஆரம்பி என்று எழுதியிருந்தார்கள். அந்தப் படத்தை நம்பித்தான் நானும் கிடார் வாங்கினேன். மூன்றாவது கார்டில் விரல் வலித்து விட்டுவிட்டேன். படத்தின் மேல் குறையில்லை.

நியூ வேவ் அதன் இன்னொரு பெயரா?

ஆரம்பத்தில் ஏறக்குறைய அப்படித்தான். பிரெஞ்சு சினிமாவுக்கு வைத்த பெயரை எடுத்து இசைப் பத்திரிகைகள் இதற்கும் ஒட்டின, இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றி எழுதின. அப்புறம் வியாபாரம் புகுந்தது. 'பங்க்' என்று கேட்டாலே அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒதுங்கின. ஸயர் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய சீமோர் ஸ்டைன், பங்க் என்ற சொல்லையே விட்டுவிட்டு நியூ வேவ் என்று சொல்லி விற்றார். அதிலிருந்து ப்ளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ், ஸ்விண்டனிலிருந்து வந்த எக்ஸ்டிசி போன்றவர்கள் இந்தப் பக்கம், கரடுமுரடானவர்கள் அந்தப் பக்கம் என்று கோடு விழுந்தது.

என் கணக்கு எளிது. கூடத்தில் அப்பா உட்கார்ந்திருக்கும்போதே போடலாம் என்றால் நியூ வேவ். கதவைச் சாத்திவிட்டுப் போட வேண்டும் என்றால் பங்க்.

இது உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளின் கோபம் என்றுதானே படித்திருக்கிறோம்?

பாதி சரி. லண்டன் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் ஸ்டீவ் ஜோன்ஸும் பால் குக்கும் ஷெப்பர்ட்ஸ் புஷ் பையன்கள். ஜான் லைடன் வடக்கு லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில், அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் வளர்ந்தவர். அவர்களின் வறுமையில் வேஷம் எதுவும் இல்லை.

மறுபாதியைப் பாருங்கள். 'தி க்ளாஷ்' பாடகர் ஜோ ஸ்ட்ரமரின் அப்பா வெளியுறவுத் துறை அதிகாரி. மகன் பிறந்தது அங்காராவில், படித்தது லண்டனை அடுத்த சர்ரே வட்டாரத்தில் ஒரு விடுதிப் பள்ளியில். 'தி ஜாம்' குழுவின் ஊர் சர்ரேயின் வோக்கிங். 'தி ஸ்ட்ராங்க்லர்ஸ்' கில்ஃபோர்ட். 'ஷாம் 69' தெருப் பையன்களின் குரல் என்று பெயரெடுத்த குழு. அவர்கள் ஊர் சர்ரேயில் உள்ள ஹெர்ஷம். 'தி மெம்பர்ஸ்' என்று கேம்பர்லியிலிருந்து ஒரு குழு, புறநகரின் சத்தத்தைப் பற்றியே ஒரு பாட்டுப் போட்டு 1979-ல் பிரிட்டன் தரவரிசையில் 12-ஆம் இடம் பிடித்தது.

அதற்காகப் புறநகர்க்காரர்கள் எல்லோரும் வசதியானவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1976 அக்டோபரில் பிரிட்டிஷ் பங்க்கின் முதல் சிங்கிளை (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சிறு இசைத்தட்டு) வெளியிட்டவர்கள் 'தி டாம்ன்ட்'. அதன் ராட் ஸ்கேபிஸும் கேப்டன் சென்சிபிளும் அதற்கு முன் லண்டனின் தெற்குப் புறநகரான க்ராய்டனில் ஃபேர்ஃபீல்ட் ஹால்ஸ் என்ற கச்சேரி மண்டபத்தில் துப்புரவு வேலை பார்த்தவர்கள். மற்றவர்கள் மேடையில் வாசிக்க, கழிவறை கழுவிக்கொண்டிருந்த இரண்டு பேர்.

ப்ராம்லி, ப்ராம்லி என்கிறார்களே, அங்கே அப்படி என்ன நடந்தது?

ஒன்றும் நடக்காத ஊர் அது. லண்டனுக்குத் தென்கிழக்கில், விக்டோரியா நிலையத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடம் போல. நடுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள், முன்னால் கத்தரித்த வேலி, ஜன்னலில் வலைத் திரை. பாடகர் டேவிட் போவி வளர்ந்தது இங்கேதான். அதனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தது: நம் தெருவிலிருந்தும் ஒருவன் தலைமுடிக்கு ஆரஞ்சுச் சாயம் பூசிக்கொண்டு உலகத்துக்குப் போகலாம்.

1975 டிசம்பரில், பக்கத்து ஊரான சிஸல்ஹர்ஸ்ட்டில் ரேவன்ஸ்போர்ன் கலைக் கல்லூரியில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்தார்கள். அவர்களின் முதல் கச்சேரி நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பார்த்தவர்களில் சைமன் பார்க்கர் என்ற இளைஞரும் ஒருவர். அவர் நண்பர்களிடம் சொல்ல, அவர்கள் அடுத்த கச்சேரிக்குப் போனார்கள். பிறகு எல்லாக் கச்சேரிக்கும் போனார்கள். சூசன் பேலியன் என்ற சூசி சூ, ஸ்டீவன் செவரின், பில்லி ஐடல் எல்லாம் இந்தக் கூட்டம்தான். பத்திரிகையாளர் கேரலைன் கூன் 'ப்ராம்லி கன்டின்ஜென்ட்' என்று பெயர் வைத்தார். ப்ராம்லிப் பட்டாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டாளம் இல்லாவிட்டால் பிஸ்டல்ஸ் காலி நாற்காலிகளுக்கு வாசித்த இன்னொரு குழுவாகப் போயிருக்கும் என்பது என் எண்ணம். புகைப்படக்காரர்கள் குழுவை எடுத்த அளவுக்கு இவர்களையும் எடுத்தார்கள்.

1976 செப்டம்பர் 20 அன்று லண்டன் 100 க்ளப்பில் பங்க் விழா. ஒரு குழு குறைகிறது என்று தெரிந்ததும் சூசி, எங்களிடம் ஒரு குழு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். குழு கிடையாது. செவரின் பேஸ் கிடார், மார்கோ பிரோனி கிடார், பின்னாளில் பிஸ்டல்ஸில் சேர்ந்த சிட் விஷஸ் ட்ரம்ஸ். தெரிந்த பாட்டு ஒன்றும் இல்லாததால் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கிறிஸ்தவப் பிரார்த்தனையை எடுத்துக்கொண்டு, நடுநடுவே நினைவுக்கு வந்த பாப் வரிகளைச் செருகி, சுமார் 20 நிமிடம் ஒரே மூச்சாக ஓட்டினார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதே சூசிதான் 'சூசி அண்ட் த பான்ஷீஸ்' என்ற குழுவாக அடுத்த இருபது வருடம் ஆல்பம் ஆல்பமாகப் போட்டார்.

வீட்டில் பெரியவர்கள் என்ன சொன்னார்கள்?

1976 டிசம்பர் 1 வரை பெரும்பாலோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அன்று சாயங்காலம் தேம்ஸ் தொலைக்காட்சியில் பில் கிரண்டி நடத்திய நிகழ்ச்சிக்கு 'க்வீன்' குழு வர வேண்டியது. வரமுடியாமல் போக, கடைசி நேரத்தில் பிஸ்டல்ஸைக் கூட்டி வந்தார்கள். பின்னால் ப்ராம்லிக் கூட்டம் வேடிக்கை பார்த்து நின்றது. கிரண்டி சூசியிடம் வழிகிற மாதிரி, அப்புறம் சந்திப்போமா என்று கேட்டார். கடுப்பான ஸ்டீவ் ஜோன்ஸ் வாயில் வந்த வசவையெல்லாம் கொட்டினார். டீ குடித்துக்கொண்டிருந்த வீடுகளில் நேரடி ஒளிபரப்பு.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். கோபத்தில் தன் டிவியையே உதைத்து உடைத்த லாரி ஓட்டுநரின் கதையும் அதில் வந்தது. ஊர் ஊராக நகராட்சிகள் கச்சேரிக்கு அனுமதி மறுக்க, அந்த மாதச் சுற்றுப்பயணத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் ரத்தாயின. நாட்டிலுள்ள ஒவ்வொரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் பங்க் என்றால் என்ன என்று ஒரே ராத்திரியில் தெரிந்துவிட்டது.

ஏன் புறநகரில் இவ்வளவு வேகமாகப் பிடித்தது?

ஆராய்ச்சியாளர்கள் வேலையின்மை, பொருளாதாரம் என்பார்கள். அது இருக்கட்டும். நான் ஒரு சமையலறைக் குழாயைக் காட்டுகிறேன்.

லண்டனுக்கும் ப்ரைட்டனுக்கும் நடுவில் க்ராலி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் திட்டம் போட்டுக் கட்டிய புதுநகரம். அங்கே ராபர்ட் ஸ்மித் என்ற பள்ளிப் பையன், சனிக்கிழமை இரவு வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். அப்பா வீட்டிலேயே காய்ச்சிய பீர் கையில். போக இடமில்லை. குழாய் சொட்டுகிறது. அந்தச் சொட்டையும் கடிகாரத்தையும் வைத்தே ஒரு பாட்டு எழுதினான். 'தி க்யூர்' குழுவின் முதல் ஆல்பம் 1979-ல் வந்தபோது அதன் முதல் பாட்டு அதுதான். சனி இரவு பத்தேகால் மணி, அவ்வளவுதான் விஷயம். புரட்சி எதுவும் அதில் இல்லை. ஆனால் மூடிய கடைவீதியும் எரிகிற தெருவிளக்கும் மட்டும் இருக்கிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொட்டு நன்றாகக் கேட்கும்.

இன்னொன்று இடவசதி. நகரத்து அடுக்குமாடியில் ட்ரம்ஸ் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். புறநகர் வீட்டில் கராஜ் உண்டு, வார இறுதியில் காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டால் ஒத்திகைக்கூடம். பெற்றோர் திட்டுவார்கள், ஆனால் சோறும் போடுவார்கள். இந்தச் சோறு விஷயத்தைப் பங்க் வரலாறுகள் அடக்கி வாசிக்கின்றன.

மூன்றாவது, ரயில். சாயங்காலம் லண்டன் போகலாம், பார்க்கலாம். பாட்டு முடிகிறதோ இல்லையோ, கடைசி வண்டியைப் பிடிக்க ஓட வேண்டும். தவறவிட்டால் நிலையத்து பெஞ்சில் விடியும்வரை. பார்க்கக் கிடைக்கும், அங்கேயே இருக்க முடியாது. அந்த ஏக்கத்தோடு வீடு திரும்புகிறவன் மறுநாள் தன் ஊரிலேயே ஒரு குழு ஆரம்பிப்பான்.

இன்டர்நெட் இல்லாத காலத்தில் எப்படித் தெரிந்துகொண்டார்கள்?

வார நாட்களில் இரவு பத்து மணிக்கு பிபிசி ரேடியோ 1-ல் ஜான் பீல் வருவார். வேறு யாரும் போடாததைப் போடுவார், பிடித்தால் திரும்பவும் போடுவார். வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்து 'தி அண்டர்டோன்ஸ்' பாட்டு ஒன்றை 1978-ல் அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பியது பிரசித்தம். படுக்கையறையில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, டேப் ரெக்கார்டரின் பதிவுப் பொத்தான் மேல் விரலை வைத்தபடி காத்திருந்த தலைமுறை அது.

இதழ்களும் இருந்தன. டெட்ஃபோர்டில் வங்கி குமாஸ்தாவாக இருந்த மார்க் பெரி 1976 ஜூலையில் 'ஸ்னிஃபின் க்ளூ' தொடங்கினார். தட்டச்சும் மார்க்கர் பேனாவும்தான் அச்சுக்கூடம். முதல் இதழ் ஐம்பது பிரதி போல, அதுவும் காதலி வேலை பார்த்த அலுவலகத்து ஜெராக்ஸில்.

எனக்கு ரொம்பப் பிடித்தது போல்ட்டன் பையன்கள் இரண்டு பேரின் கதை. ஹாவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி, இருவரும் கல்லூரி மாணவர்கள். 1976 பிப்ரவரியில் பத்திரிகையில் பிஸ்டல்ஸ் பற்றிச் சின்ன விமர்சனம் ஒன்றைப் படித்துவிட்டு, இரவல் கார் ஒன்றில் தெற்கே கிளம்பிவிட்டார்கள். அந்த வார இறுதியில் பிஸ்டல்ஸ் வாசித்த ஊர்கள் ஹை விகம், வெல்வின் கார்டன் சிட்டி. இரண்டும் லண்டனைச் சுற்றிய சின்ன ஊர்கள், இரண்டாவது செடி கொடிகளோடு வரைபடம் போட்டுக் கட்டிய தோட்ட நகரம். அங்கே பார்த்ததில் பித்துப் பிடித்து, ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹாலை வாடகைக்கு எடுத்து பிஸ்டல்ஸை வரவழைத்தார்கள். டிக்கெட் 50 பென்ஸ், வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். அந்த நாற்பதில் சால்ஃபர்டைச் சேர்ந்த பீட்டர் ஹுக்கும் பெர்னார்ட் சம்னரும் உண்டு. ஹுக் மறுநாளே போய் பேஸ் கிடார் வாங்கினார். அதிலிருந்து வந்ததுதான் 'ஜாய் டிவிஷன்'. அந்தக் கச்சேரிக்குப் போனதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்களை எல்லாம் சேர்த்தால் ஒரு ஸ்டேடியமே நிரம்பும், அது வேறு கதை.

ரெக்கார்டு போடப் பணத்துக்கு என்ன செய்தார்கள்?

கடன். அந்தப் போல்ட்டன் பையன்களின் குழுதான் 'பஸ்காக்ஸ்'. 1976 டிசம்பர் 28 அன்று மான்செஸ்டரில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு பாட்டுப் பதிந்தார்கள். நண்பர்களிடமும் ஷெல்லியின் அப்பாவிடமும் புரட்டிய 500 பவுண்ட்தான் முதலீடு. பெரிய கம்பெனி வாசலில் நிற்காமல் தாங்களே ஒரு லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) பெயர் வைத்து, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்று வெளியிட்டார்கள். முதலில் அடித்தது 1,000 பிரதி. விற்றுத் தீர்ந்து, திரும்பத் திரும்ப அடித்து 16,000 போனது. உறையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக் (எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது), மேலே என்ன சேர்த்துப் பதிந்தோம் என்றுகூட எழுதியிருந்தார்கள். சமையல் குறிப்பு மாதிரி. படிக்கிற எவனும் அடுத்து நாம் செய்யலாமே என்று நினைக்காமல் இருக்க மாட்டான்.

நினைத்தார்கள். 'டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ்' என்ற லண்டன் குழு அதே வருடம் 153 பவுண்டில் சிங்கிள் போட்டுக் காட்டியது. 'ஸ்க்ரிட்டி பொலிட்டி' ஒரு படி மேலே போய், 1978-ல் ஸ்டுடியோவுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று செலவுக் கணக்கையே உறையில் போட்டுவிட்டது.

கிழிந்த சட்டை, ஊக்கு, வெட்டி ஒட்டிய எழுத்து, இதெல்லாம் யார் யோசனை?

ஊக்குக்கும் கிழிசலுக்கும் பல பேர் உரிமை கொண்டாடுவார்கள், அந்தச் சண்டையில் நான் இல்லை. எழுத்துக்கு மட்டும் முகவரி உண்டு, அதுவும் க்ராய்டன் முகவரி. ஜேமி ரீட் அங்கே 1970 முதல் 'சபர்பன் ப்ரெஸ்' என்ற அரசியல் இதழை அச்சடித்துவந்தார். உள்ளூர் நகராட்சியையும் ஊரெல்லாம் எழும்பிய அலுவலகக் கோபுரங்களையும் கிண்டலடிக்கும் இதழ். எழுத்து கோக்கக் காசில்லாததால் செய்தித்தாள் தலைப்புகளிலிருந்து எழுத்துகளைக் கத்தரித்து ஒட்டினார். கடத்தல்காரன் எழுதும் மிரட்டல் கடிதம் மாதிரி இருக்கும். கலைப்பள்ளி நண்பர் மால்கம் மெக்லாரன் பிஸ்டல்ஸின் மேனேஜர் ஆனதும் அதே கத்தரியையும் பசையையும் கொண்டுபோய் அவர்களின் உறைகளைச் செய்தார். இன்று டி-ஷர்ட்டில் போட்டு விற்கிற பாணிக்கு மூலகாரணம் க்ராய்டனில் ஒரு பணமில்லாத அச்சகம்.

பெண்களுக்கு இதில் இடம் இருந்ததா?

அதுவரை இல்லாத அளவுக்கு இருந்தது. மேரியான் எலியட்-செய்த், ப்ராம்லியில் பிறந்து ப்ரிக்ஸ்டனில் வளர்ந்தவர், அப்பா சோமாலியர். 1976 ஜூலையில் தன் 19-ஆவது பிறந்தநாளன்று ஹேஸ்டிங்ஸ் கடற்கரைப் பாலத்தில் பிஸ்டல்ஸைப் பார்த்தார். கூட்டம் அதிகமில்லை. திரும்பி வந்து பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். பாலி ஸ்டைரீன் என்று பெயர் வைத்துக்கொண்டார், ஒரு ப்ளாஸ்டிக்கின் பெயர். குழு 'எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்'. பல்லில் கம்பியோடு, பளிச்சென்ற நைலான் உடையில் மேடையேறி சூப்பர்மார்க்கெட், ப்ளாஸ்டிக், விளம்பரம் என்று பாடினார். ஆண்கள் கோபத்தைப் பாடிக்கொண்டிருந்தபோது ஷாப்பிங்கைப் பாடியவர். அவர் பாட்டுகள் இன்னும் பழசாகவில்லை, கடைகள் ஆன்லைனுக்குப் போனதுதான் வித்தியாசம்.

பங்க்கில் இனவாதம் இருந்ததா? நாஜி ஸ்வஸ்திகாவெல்லாம் போட்டார்களே?

போட்டார்கள். சூசியும் போட்டார். போரில் ஜெயித்த கதையையே சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்களை வெறுப்பேற்ற என்று விளக்கம் தந்தார்கள். பிற்பாடு விட்டுவிட்டார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. வெறுப்பேற்றியது பெரியவர்களை மட்டும் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1976 ஆகஸ்டில் எரிக் க்ளாப்டன் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேச, அதற்கு எதிர்வினையாக 'ராக் அகைன்ஸ்ட் ரேஸிசம்' பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பார்க் வரை ஊர்வலம், அங்கே க்ளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், ரெகே குழு ஸ்டீல் பல்ஸ் எல்லாம் ஒரே மேடையில். 1979-ல் தெற்கு லண்டனில் பாகிஸ்தானியக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று பேரும் ஒரு வெள்ளைக்காரரும் சேர்ந்து 'ஏலியன் கல்ச்சர்' என்று ஒரு பங்க் குழு நடத்தினார்கள். வேற்றுப் பண்பாடு வந்து நாட்டை மூழ்கடித்துவிடுமோ என்று மக்கள் பயப்படுவதாக மார்கரெட் தாட்சர் பேசியதற்குப் பதிலாக வைத்த பெயர்.

ஆனால் ஸவுத்தாலை மறக்க முடியாது. மேற்கு லண்டனில் பஞ்சாபிகள் நிறைந்த புறநகர். 1979 ஏப்ரல் 23 அன்று நேஷனல் ஃப்ரன்ட் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி அங்கே கூட்டம் போட வந்தபோது, எதிர்த்தவர்களில் ப்ளேர் பீச் என்ற ஆசிரியர் கொல்லப்பட்டார். 1981 ஜூலை 3 அன்று அதே ஊரில் ஹாம்ப்ரோ டேவர்ன் என்ற மதுக்கடையில் '4-ஸ்கின்ஸ்' உள்ளிட்ட 'ஓய்' வகைப் பங்க் குழுக்களின் கச்சேரி. பஸ்ஸில் வந்திறங்கிய, 'ஸ்கின்ஹெட்' எனப்படும் மொட்டைத்தலைக் கூட்டத்தில் சிலர் வழியிலிருந்த கடைகளைத் தாக்கினார்கள். உள்ளூர் இளைஞர்கள் திரண்டார்கள். இரவு முடிவதற்குள் மதுக்கடை எரிந்தது. குழுக்கள் தாங்கள் இனவாதிகள் இல்லை என்றன. ஸவுத்தாலில் அதைக் கேட்டுக்கொள்ளும் மனநிலையில் யாரும் இல்லை.

அமெரிக்கப் புறநகரில் எப்படி?

அங்கே ரயிலுக்குப் பதில் கார், மழைக்குப் பதில் வெயில், சத்தம் இன்னும் வேகம். லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே கடலோரம் ஹெர்மோசா பீச். கிரெக் கின் என்ற பையன் 12 வயதில் ரேடியோ உதிரி பாகங்களைத் தபாலில் விற்கும் தொழில் தொடங்கினான். 'சாலிட் ஸ்டேட் ட்ரான்ஸ்மிட்டர்ஸ்' என்று பெயர். வளர்ந்து 'ப்ளாக் ஃப்ளாக்' குழு ஆரம்பித்தபோது அந்தக் கம்பெனியின் முதலெழுத்துகளே 'எஸ்எஸ்டி' லேபிள் ஆனது. 1979 ஜூலையில் பக்கத்து ஊரான மன்ஹாட்டன் பீச்சில் பாலிவாக் பார்க்கில், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கூடையோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தவர்கள் முன் வாசித்தார்கள். தர்பூசணித் துண்டு, சாண்ட்விச் எல்லாம் மேடைக்குப் பறந்தது.

ஆரஞ்சு கவுண்டி இன்னும் ஒரு படி முரடு. சாண்டா அனாவில் 'மிடில் க்ளாஸ்' 1978-லேயே மின்னல் வேகத்தில் வாசித்தது. பெயரைக் கவனியுங்கள், மறைக்க முயலவே இல்லை. ஃபுல்லர்டனில் 'அடலசன்ட்ஸ்'. காஸ்டா மெசாவில் 'குக்கூஸ் நெஸ்ட்' என்ற கச்சேரி இடம், பக்கத்திலேயே கௌபாய் மதுக்கடை. இரண்டுக்கும் ஒரே வண்டி நிறுத்தம். அங்கே நடந்த அடிதடிக்குக் கணக்கே இல்லை.

'டிசென்டென்ட்ஸ்' பாடகர் மைலோ ஆக்கர்மன் வேறு ரகம். 1982-ல் கல்லூரிக்குக் கிளம்பினார், குழு அதையே ஆல்பத்தின் பெயராக வைத்தது. அவர் பிறகு உயிரியலில் முனைவர் பட்டமே வாங்கிவிட்டார். நம் வீட்டு அம்மாக்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரே பங்க் பாடகர்.

தலைநகர் வாஷிங்டன் கதையைச் சொல்லாமல் விட மனசில்லை. இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் பள்ளி முடித்த பிள்ளைகள். அவர்களின் 'டீன் ஐடில்ஸ்' குழு கலைந்தபோது, கச்சேரிகளில் வந்த காசைச் செலவழிக்காமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஏறக்குறைய 600 டாலர். பிரித்துக்கொள்வதற்குப் பதில் ரெக்கார்டு போட்டார்கள். 1,000 பிரதி. உறை அச்சடித்து மடித்துத் தர ஆகும் செலவு கட்டுப்படியாகவில்லை. வீட்டிலிருந்த ஒரு இங்கிலாந்து சிங்கிளின் உறையைப் பசை விட்டுப் பிரித்து, தரையில் விரித்து, ஓரத்தை வரைந்து அளவெடுத்தார்கள். அதே அளவில் தாளை அச்சடித்து வாங்கி, நண்பர்கள் கூடி உட்கார்ந்து கத்தரியால் வெட்டி, மடித்து, ஒட்டி, ஆயிரத்தையும் முடித்தார்கள். அதுதான் 'டிஸ்கார்ட்' லேபிளின் முதல் வெளியீடு. மறு வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்லிங்டனில் தனி வீடு ஒன்று பிடித்தார்கள். நிலவறையில் ஒத்திகை, மேலே தபால் கட்டும் வேலை.

மதுவே தொடாத 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' வழக்கமும் இவர்களிடமிருந்து வந்ததுதான். குடிக்கும் வயது வராதவர்களுக்கு சான் ஃப்ரான்சிஸ்கோ க்ளப் ஒன்றில் கையில் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள், இவர்களுக்கு மது தரக் கூடாது என்பதற்கு அடையாளமாக. அந்தக் குறியைப் பிள்ளைகள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

சின்தசைசர் எப்போது வந்தது?

கிடாரைச் சத்தமாக வாசிக்க அலுத்தபோது. கேரி நியூமன் 1978-ல் பங்க் ஆல்பம் பதியப் போன ஸ்டுடியோவில் யாரோ விட்டுப்போன மினிமூக் என்ற சின்தசைசரைத் தட்டிப் பார்த்தார், மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் விசைப்பலகை அது. அடுத்த வருடமே அவர் பாட்டு பிரிட்டனில் முதலிடம். எசெக்ஸில் பேசில்டன் புதுநகரத்து 'டெப்பெஷ் மோட்' பையன்களில் மார்ட்டின் கோர் வங்கியில், ஆண்டி ஃப்ளெச்சர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ட்ரம்ஸ் செட்டுக்கு வேன் வேண்டும், சின்தசைசரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலேறலாம். அப்படித்தான் போனார்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒத்திகை பார்க்கலாம் என்பதால் பக்கத்து வீட்டுப் பிரச்சினையும் தீர்ந்தது.

இதில் தமிழர் யாராவது உண்டா?

ஆரம்பக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அந்தக் கயிற்றின் மறுமுனையை ஒரு தமிழ்ப் பெண் பிடித்தார். ஈழத்திலிருந்து சிறுமியாக 1980-களில் லண்டன் வந்த மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., வளர்ந்தது தென்மேற்குப் புறநகரான மிட்சமில், நகராட்சிக் குடியிருப்பில். சினிமா படித்தது சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில். பிஸ்டல்ஸ் 1975-ல் முதல் கச்சேரி செய்ததும் அந்தக் கல்லூரியின் முன்னோடியான செயின்ட் மார்ட்டின்ஸில்தான்.

'எலாஸ்டிகா' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இரண்டாம் ஆல்பத்துக்கு அட்டை செய்தவர் அவர். 1970-களின் பங்க், நியூ வேவ் மேல் அந்தக் குழுவுக்கு இருந்த மோகம் கொஞ்சம் அதிகம். வயர், ஸ்ட்ராங்க்லர்ஸ் என்ற இரண்டு பழைய குழுக்களும் எங்கள் மெட்டு மாதிரி இருக்கிறதே என்று கிளம்ப, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துக்கொண்டார்கள். எலாஸ்டிகாவின் சுற்றுப்பயணத்தை மாயா படம் பிடிக்கப் போன இடத்தில், முன்கச்சேரி செய்த பீச்சஸ் என்ற பாடகி, பொத்தானை அழுத்தித் தாளமும் மெட்டும் அமைக்கும் ஒரு ரோலண்ட் 505 கருவியைக் காட்டி நீயே செய் என்று ஊக்கம் கொடுத்தார். சைட்பர்ன்ஸ் படத்தின் மூன்று கார்ட்ஸ், இப்போது பொத்தான்களாக. 2007-ல் வந்த மாயாவின் 'பேப்பர் ப்ளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது க்ளாஷ் 1982-ல் போட்ட ஒரு பாட்டின் துண்டு. குடியேறிகளுக்குக் கதவடைப்பதைப் பற்றி ஸ்ட்ரமர் பாடிய பாட்டு அது. அதன் மேல் குடியேறி வந்த தமிழ்ப் பெண்ணின் குரல் ஏறி, அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம் வரை போனது.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ஸ்பைரல் ஸ்க்ராட்ச், நாலே பாட்டு. அடுத்து எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் 1978 ஆல்பம். மெக்கே அடுத்து ஆரம்பித்த 'மைனர் த்ரெட்'டின் முதல் தட்டில் எட்டுப் பாட்டு, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தலைவலி வந்தால் டெப்பெஷ் மோடின் முதல் ஆல்பத்துக்கு மாறுங்கள். அந்தச் சமையலறைக் குழாய்ப் பாட்டை மட்டும் சனிக்கிழமை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பத்தேகாலுக்கு.